என் சைக்கிளின் தேய்ந்த பற்கள்

நேற்று மகளின் சைக்கிளுக்குச் செயின் வாங்கப் போன இடத்தில் மண்ணெண்ணெயும் கிரீசும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும், சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தப் பழைய சைக்கிள் கடையும், அதன் சுவரில் ஆணிக்கு ஆணி தொங்கிய செயின்களும், பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கேட்கும் கிர்ரென்ற சத்தமும் நினைவில் எழுந்தன.

பள்ளிக்கூடத்துக்கு நானும் அடுத்த வீட்டுச் செல்வியும் சைக்கிளில் சேர்ந்து போவோம். அவள் அப்பா துபாயில் இருந்தார். அவள் சைக்கிளுக்குச் செயினும் முன்னும் பின்னும் பல்சக்கரங்களும் புதிதாக மாற்றினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாளாவது அவளை முந்த வேண்டும் என்று வீட்டில் அழுது, புதுச் செயின் மட்டும் வாங்கி மாட்டினேன். அழுத்தி மிதித்தால் போதும், டக் டக்கென்று துள்ளியது.

"ஏட்டி, உன் சைக்கிளுக்கு விக்கல் எடுக்கு, தண்ணி குடு" என்று செல்வி சிரித்தாள்.

கடைக்கார அண்ணாச்சி பற்களைத் தடவிப் பார்த்தார். "தேஞ்ச பல்லுல புதுச் செயின் நிக்காதும்மா. மாத்துனா மூணையும் மாத்தணும். இல்லன்னா தேஞ்ச செயின்தான் சேரும்" என்று ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். "செல்வி சைக்கிள்ல கழட்டுனதுதான்."

அறுந்து விழட்டும் என்று வேண்டிக்கொண்டே வீடுவரை மிதித்தேன். அது ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பள்ளிப் படிப்பு முடியும்வரை, அவளுக்குப் பின்னாலேயே.