தந்தி அக்கா

வாயில் நாலு குண்டூசியைக் கடித்தபடியே தந்தி அக்கா கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறார். அச்சகத்தில் பெட்டி கட்ட ஆள் தேவை என்று மாற்றுத்திறனாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் பார்வையற்ற ஒருவர் குரல்பதிவு போட்டிருக்கிறார். குழுவில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அவர்களுக்காக அதை எழுத்தாக்குகிறார். உடனே ஒருவரிடமிருந்து சைகையில் பதில் காணொளி. குண்டூசிகளைத் துப்பிவிட்டு, கண் தெரியாதவர்களுக்காக அதைக் குரலில் சொல்கிறார்: “நான் போறேன், கூட யார் வர்றீங்கன்னு கேக்குறாரு.”

நூற்றுநாற்பது பேர் உள்ள குழு. அங்கே வைத்த பெயர்தான் தந்தி அக்கா.

ஒன்பது வருடங்களுக்கு முன் லாரி மோதி முதுகெலும்பு முறிந்து, கால்கள் செயலிழந்தன. வேலை பார்த்த தையல் கம்பெனியில், வீட்டில் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். “என்ன ஓய்வு? அப்பவும் உக்காந்துதான் தைச்சேன், இப்பவும் உக்காந்துதானே தைக்கப்போறேன்!” என்று இன்றும் பொரிகிறார். இயந்திரத்தின் மிதியை மேஜைமேல் ஏற்றி முழங்கையால் அழுத்தப் பழகினார். வாசலில் பழுது தைக்கும் கடை. உள்ளறையில் தையலும் இஸ்திரியும் கற்க மூன்று பேர். காலர் கோணினால் யாராக இருந்தாலும் பிரித்துத் தைக்க வேண்டும். “பாவம்னு விட்டுட்டா வெளியில எவன் வேலை குடுப்பான்?”

போன மாதம் அவரிடம் இஸ்திரி பழகிய காது கேளாத பெண்ணை ஒரு விடுதியின் சலவைப் பிரிவுக்கு அழைத்துப் போனார். குழுவில் அவளுக்கு மின்னல் என்று பெயர். கை அவ்வளவு வேகம். மேலாளர் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இழுத்தார்.

“தீ விபத்து மணி அடிச்சா இந்தப் பொண்ணுக்கு எப்படிங்க கேக்கும்? ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்.”

“கேக்காது. கண்ணு நல்லாத் தெரியுமே! மணியோட ஒரு சிவப்பு விளக்கையும் மாட்டுங்க.”

“அதுக்கெல்லாம் யாருங்க மெனக்கெடுறது?”

அக்கா அதற்குள் குழுவில் செய்தி போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஊன்றுகோலோடு ஓர் எலக்ட்ரீஷியன் வந்து இறங்கினார். மதியத்துக்குள் மணியோடு விளக்கும் சேர்ந்து எரிந்தது.

மேலாளருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அக்காவோடு வந்திருந்த மின்னலை ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் மணியை அமுக்கிப் பார்த்தார். நீராவி இயந்திரங்களின் இரைச்சலில் காது கேட்பவர்கள் தங்கள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைப் பார்த்த மின்னல்தான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள்.

மேலாளர் மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் படிக்கட்டின் உச்சியிலிருந்து அவர் குரல் வந்தது.

“பொண்ண எடுத்துக்கிறோம்மா. பயிற்சி குடுத்தவங்க ஒரு கையெழுத்துப் போடணும். மேல வந்துட்டுப் போங்க!”

மின்னல் என்னவென்று சைகையில் கேட்டாள். அக்கா அவளுக்குச் சொல்லி முடித்தார். பிறகு படிக்கட்டின் அடியிலேயே சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்குகளையும் இறுக்கிப் பூட்டி, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு, மாடியை நிமிர்ந்து பார்த்தார்.