புகார்ப் பிரிவு அக்காவின் பின்னல்

"டென்ஷன்லாம் வேலை தெரியாதவங்களுக்கு வர்ற வியாதி. இன்னும் ரெண்டு டேபிளைக் குடுங்க, சிரிச்சுக்கிட்டே பார்க்கறேன்" என்று நிறைந்த கூட்டத்தில் அறிவித்தார் புகார்ப் பிரிவு அக்கா. மேலாளர் நல்ல மனிதர், கேட்டதைக் கொடுத்துவிட்டார். வேலையை விட்டுப் போன இருவரின் மேசைகளும் அன்றே அக்காவின் தலைக்கு வந்தன.

அது துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனி. யார் போன் செய்தாலும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான்: "கோளாறு வர்றதுக்கு முன்னாடி என்ன மாத்தினீங்க?" எல்லோரும் "ஒண்ணுமே மாத்தலையே" என்பார்கள். போனை வைத்ததும், "புளுகு. எதையும் மாத்தாம மிஷின் மக்கர் பண்ணாது" என்பார்.

மூன்று போன்களும் சேர்ந்து அலறிய அந்த நாட்களில், வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட "லைன்ல இருங்க" என்று பதில் சொன்னார்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கணவர் குச்சியால் கிளறி, எலி போல ஒரு முடிச்சுருளை எடுத்து நீட்டினார்.

"இது உன்னோடதுதானே?"

"பின்ன உங்களோடதா? உங்க தலையில கொட்டறதுக்கு என்ன இருக்கு?"

விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி தண்ணீர். குழாய்க்கு வடிகட்டி மாட்டப்பட்டது. அடுத்து ஷாம்பு, பிறகு சீப்பு. ஒரு பாவமும் அறியாத தலையணை உறைகூட வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. முடியோ தன்பாட்டுக்குக் கொட்டியது. பின்னல் சுண்டுவிரலாயிற்று, பழைய கிளிப் நிற்காமல் வழுக்கியது.

"வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"வேலைக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? ஷாம்பு போலி."

தோல் மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "இரும்புச்சத்து, தைராய்டு எல்லாம் சரியாதான் இருக்கும்மா. மன அழுத்தம் ஏறினா முடி அன்னைக்கே கொட்டாது; ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொட்டும். அழுத்தம் குறைஞ்சா பெரும்பாலும் திரும்ப வளரும். முடி கொட்டறதுக்கு மூணு மாசம் முன்னாடி என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே டாக்டர்."

சொல்லி முடித்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தினம் நூறு தடவை கேட்ட புளுகு அது.

மறுநாள் மேலாளர் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மேசைகளின் சாவிகளையும் அவர் முன்னால் வைத்தார்.

"என்னம்மா இது? சிரிச்சுக்கிட்டே பார்க்கறேன்னீங்களே?"

அக்கா வழுக்கிய கிளிப்பை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"மூணு டேபிள் எனக்குத் தாங்கல சார்" என்றார்.