கழுத்து மண்ணுக்கு மேலே

டெய்லரக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். தங்கமான மனிதர்தான், ஆனால் ஒன்று சொன்னால் ஒன்பது செய்வார். "மத்தியான வெயில் உங்க மனைவி தோலுக்கு ஆகாது" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், அன்று மாலையே எல்லா ஜன்னலுக்கும் இரட்டைத் திரை தொங்கவிட்டுவிட்டார். அக்காவும் முகத்தில் படர்ந்த சிவந்த தடிப்போடு இருட்டறையில் முடங்கினாள். எட்டு மாதம்! தெருவில் பாதிப் பேருக்குக் கண்ணாலேயே அளவெடுத்துத் தைத்தவள் அவள். இப்போது மெஷின் போர்த்தியபடி கிடந்தது. இவள் பழையபடி எழுந்து வருவாளா என்ற கவலை டிரைவரை அரித்தெடுத்தது.

செடி வைத்தால் பார்க்கவாவது வருவாள் என்று நர்சரிக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் பெரிய மரம், காலை ஒன்பதுக்கு மேல் அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. எந்தப் பூ பூக்கும்? நர்சரிக்காரி ஹியூக்கெரா என்ற செடியைக் காட்டினாள். அதற்கு இலைதான் அழகு. ஒன்று ஒயின் சிவப்பு, ஒன்று எலுமிச்சைப் பச்சை, இன்னொன்றில் வெள்ளி பூசிய இலையில் ஊதா நரம்பு.

"இதுக்கும் மத்தியான வெயில் ஆகாதுங்க. பாதி நிழல்ல வருஷக்கணக்கா இருக்கும். தண்டும் வேரும் சேர்ற கழுத்து மட்டும் மண்ணுக்கு மேல தெரியணும்."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? பன்னிரண்டு வாங்கி நட்டு, பாவம் குளிருமே என்று கழுத்து மூட உரத்தைக் குவித்தார். வேளைக்கொரு தரம் தண்ணீர் வேறு. மூன்றாவது வாரம் எல்லாம் தலை சாய்ந்தன. ஒன்றைத் தொட்டால் கையோடு வந்தது, அடியெல்லாம் அழுகல்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்தது. துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலோடு அக்கா நின்றாள்.

"உள்ள போம்மா, வெளிச்சம்."

"இந்நேரம் மரத்தடியில ஏதுங்க வெயில்? திரை இடுக்கு வழியா மூணு வாரமா பாத்துட்டுத்தான் இருக்கேன். பொறுக்கல."

சாக்கைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அழுகலை வெட்டினாள், கெட்டியான தண்டு வரும்வரை வெட்டினாள். எட்டு மாதம் சும்மா கிடந்த கை, ஒரு நல்ல இலைகூடக் கிழியவில்லை. கை என்றால் அதுவல்லவா கை!

"சட்டைக் கழுத்தை இறுக்கித் தச்சுக் குடுத்தா போடுவீங்களா? இதோட கழுத்தை மட்டும் இப்படிப் பொத்தி வச்சிருக்கீங்க."

பன்னிரண்டு துண்டையும் மணல் தட்டில் செருகினாள். விரல் வைத்துப் பார்த்து, காய்ந்தால் மட்டும் தண்ணீர். தினமும் காலையில் அவளே வந்து பார்த்தாள். ஆறு வாரத்தில் ஒன்பது வேர்விட்டன. அவற்றை அவளே நட்டாள், வெள்ளிக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை என்று துணிக்கு நூல் பார்ப்பதுபோல் நிறம் பார்த்து. மரத்தடியே மாறிப்போனது.

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "டாக்டர் மத்தியான வெயில்னு மட்டும்தானே சொன்னாரு?"

"ஆமா. மத்ததெல்லாம் நீங்க சொன்னது."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்.

மாலைக்குள் மெஷின் ஓடும் சத்தம் தெருவரை கேட்டது. திரைத்துணியில் தனக்கு அகலமான தொப்பி ஒன்று தைத்துக்கொண்டாள். மீதியில் அவருக்கு ஒரு சட்டை. அதில் கழுத்தைத் தாராளமாக வைத்திருந்தாள்.