போடாத தாழ்ப்பாள்

அந்தப் பின்கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடவில்லை. போட்டேன் என்று சொன்னது பொய். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் திருடன் ஆனார்... இதை முதன்முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பழங்காநத்தத்தில் ஜெகநாதன் என்பவருடைய வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக வேலை. அவர் சௌராஷ்டிரக்காரர்; சுங்குடிச் சேலை வியாபாரி. நடு அறையை மட்டும் பூட்டி, சரக்கு வைத்திருந்தார். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: "உங்க கவனக்குறைவால எது உடைஞ்சாலும் நீங்கதான் சரிபண்ணித் தரணும் சார். மத்தது என் பொறுப்பு."

எனக்குப் பெண் பார்க்கச் சோழவந்தான் கிளம்பிய நாள் அது. பஸ் நிறுத்தத்தில்தான் பின்கதவு நினைவு வந்தது. திரும்பினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பிட்டுத் திரும்புனா வெளங்குமாடா? பட்டப்பகல்ல எவன் வரப்போறான்? பேசாம வா."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதுவரை தட்டிப்போன வரன்களை நினைத்தேன்... பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. நடு அறையின் தேக்குக் கதவைக் கடப்பாரையால் பிளந்து, நிலையையும் சுவரோடு பெயர்த்திருந்தார்கள். சேலைக் கட்டு ஒன்றுகூட இல்லை. சொல்லி அனுப்பியதும் வந்த ஜெகநாதன் பிளந்த கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பின்கதவைத் தாழ் போட்டுட்டுத்தானே போனீங்க சார்?"

"போட்டுட்டுத்தாண்ணே போனேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கதவும் சுவரும் சரக்கும் என் தலையில் விழுமே என்ற பயம். பயம் மட்டுமா? பெண் வீட்டார் காதுக்குப் போனால், வீட்டைத் திறந்து போட்டுப் போன மாப்பிள்ளை என்பார்களே என்ற கூச்சம். எவ்வளவு அற்பம்!

பொய் அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தாழ்ப்பாள் உடையவில்லை, வாசல் பூட்டும் உடையவில்லை. அப்படியானால் சாவி உள்ளவன்தான் வாசல் வழியே வந்து, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி பூட்டிப் போயிருக்க வேண்டும். வாசல் பூட்டின் மாற்றுச் சாவி ஜெகநாதனின் தம்பி சுரேந்திரனிடம் இருந்தது. வியாபாரத்தில் பங்கு கேட்டு முறைத்துக்கொண்டிருந்தவர் வேறு.

அண்ணனும் தம்பியும் தங்கள் வீட்டு மொழியில் சண்டை போட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'தாழ்ப்பாள்' என்ற தமிழ்ச் சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? அம்மா அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்...

குடும்ப மானம் போகும் என்று ஜெகநாதன் போலீசுக்குப் போகவில்லை. சுவரைப் பூசி, புதுக் கதவையும் அவரே போட்டார். "உங்க மேல தப்பில்லையே சார்" என்று என்னிடம் எதுவும் வாங்க மறுத்தார். தம்பியோடு பேச்சை விட்டார்.

சோழவந்தான் பெண்ணே எனக்கு மனைவியாக வந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் கதவை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். அவள் கேலி செய்கிறாள்.

சில வருடங்களில் ஜெகநாதன் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். சுரேந்திரன் தெருவில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் பிள்ளைகள் அவரை உள்ளே விடவில்லை. என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"கடைசி வரைக்கும் எங்கண்ணன் என்னை நம்பலைண்ணே. நீங்க அந்த வீட்டுல இருந்தவுக. நான் எடுத்திருப்பேன்னு நினைக்கிறீகளா?"

"சத்தியமா இல்லை" என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது போதும்ணே" என்றார்.

நான் உள்ளே போனேன். அவர் தெருவிலேயே நின்றார்.