தீக்குச்சி பேண்டின் இரண்டாவது கேசட்டும் என் ஒரே பாட்டும்

பேண்டில் பாடுகிற வேலைக்கு முதலில் நல்ல தொண்டை வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வேலைக்குப் போய்வருகிற அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிற ரகம். எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்த நேரத்தில் கிதார், டிரம்ஸ் என்று வைத்துக்கொண்டு ஒரு ராக் பேண்ட் நடத்துகிறார்கள். பேர் 'தீக்குச்சி'. இவர்களுடைய முதல் கேசட்டை ஒருநாள் கடையில் போட்டுப் பார்த்த டீக்கடைக்காரர், அந்தச் சத்தத்தில் பால் திரிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். விற்காத கேசட்டெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடந்தன.

இரண்டாவது கேசட்டுக்கு இறங்கியபோது அதில் ஒரு பாட்டை என்னைப் பாடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பெரியவர் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர், "ஒரு பாட்டுதான். அட்டையில பேரு போடக் கூடாது. மேடை ஏறக் கூடாது" என்றார். நானும் தலையாட்டினேன். ஒன்றைப் பாடிய பிறகுதான் அடுத்ததையும் பாடணும் என்கிற ஆசை எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அத்தானிடம் கேட்பதா, அந்தப் பேச்சே வேண்டாம்.

கதவுக்குப் பின்னால்

பேண்டுக்கு மெட்டுப் போடுகிறவர் கிதார்காரர் ராஜன் அண்ணாச்சி. மெட்டு அருமையாகப் போடுவார். மறுநாள் மறந்துவிடுவார். இதற்கென்றே ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். இரண்டாவது கேசட்டுக்கு ஒத்திகை தொடங்கிய வாரமே அது ரிப்பேருக்குப் போய்விட்டது.

ஒத்திகை எங்கள் வீட்டு முன் அறையில். நான் அடுப்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ராஜன் அண்ணாச்சி, "நேத்துப் போட்ட மெட்டு எங்கன தொடங்குச்சு?" என்று கேட்க, நாலு பேரும் நாலு விதமாக இழுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைப் பாதி சாத்திவிட்டு அதன் பின்னால் நின்று மெட்டை முனகிக் காட்டினேன். நாலு பேரும் இழுப்பதை நிறுத்தினார்கள். பிறகு கிதார் மட்டும் என் குரலைத் தொட்டுக்கொண்டே வந்தது. அன்றையிலிருந்து தினமும் இதே கதை. அவர்கள் மறப்பார்கள், கதவு பாடும்.

ஒருநாள் ராஜன் அண்ணாச்சி கிதாரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, இந்தப் பாட்டைத் தங்கச்சியே பாடட்டும். கதவையும் நம்ம பேண்டுல சேத்துக்கிடுவோம்."

லாரியில் ஏறிய சுவர்

மதுரையிலிருந்து ரெக்கார்டிஸ்ட் ஒருவரை மெஷினோடு வரவழைத்தார்கள். ரெக்கார்டிங் நடந்த இடம் ஒரு பஞ்சுக் குடோன். நாலு பக்கமும் பஞ்சை இறுக்கிக் கட்டிய தாட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்ததால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் எதிரொலிக்காது. ரெக்கார்டிஸ்ட் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு இடம் மதுரையிலேயே இல்லை என்று மகிழ்ந்துபோனார். எங்களுக்குப் பெருமையான பெருமை. குடோன்கார அண்ணாச்சி வாடகையும் கேட்கவில்லை. சரக்குக்கு விலை வந்தால் லாரியில் ஏற்றிவிடுவேன், அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மறுநாளே விலை வந்துவிட்டது. எங்கள் பேண்டின் பாடகர் தேவா கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கிறார், லோடுமேன்கள் கொக்கியோடு உள்ளே வந்து மேற்குப் பக்கத்துத் தாட்டுகளைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டின் முதல் பாதி காதுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. பின்பாதி கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மீதித் தாட்டுகளை எல்லோரும் சேர்ந்து மேற்கே உருட்டினோம். மறுபடி பாடும்போது தேவாவுக்குப் பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் பிடித்துக்கொண்டது. அந்தத் தும்மலில் ஒன்று டிரம்ஸ் அடிக்குச் சரியாகப் பொருந்தியதால் கேசட்டில் அப்படியே இருக்கிறது.

ரெக்கார்டிஸ்ட் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "என் சர்வீஸ்ல எத்தனையோ ஸ்டுடியோ பாத்தாச்சு. சுவர் லாரியில ஏறிப் போறத இங்கதான் பாக்கறேன்."

வளையல்

என் முறை வந்தது. என் பாட்டு, விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு ஓடுகிற பெண்பிள்ளைகளைப் பற்றியது. 'பொழுது விடியல, வேன் வந்தாச்சு; பூ வாங்கி வைக்க நேரம் எங்க போச்சு' என்று வரும். ஆண்களுக்கு எதிரே நின்று பாட எனக்கு நாக்கு எழவில்லை. தாட்டுகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மைக்கையும் அந்தப் பக்கமே கொண்டுவந்து வைத்தார்கள். குரல் வந்துவிட்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை, தாளம் போட்டது. கண்ணாடி வளையல் கலகலவென்று பாட்டுக்கு மேலே கேட்டது.

ரெக்கார்டிஸ்ட் நல்ல மனிதர்தான், யோசிக்காமல் சொல்லிவிட்டார், வளையலைக் கழற்றிவிடும்படி. இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். டிரம்ஸுக்குப் பின்னால் புருஷன் உட்கார்ந்திருக்கிறார், வளையலைக் கழற்றவாம். எங்கள் வீட்டுக்காரரும் என்னைப் பார்க்கிறார், நானும் அவரைப் பார்க்கிறேன். என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற கனியக்கா உள்ளே வந்தாள். அத்தானின் மனைவி அவள். அத்தானுக்கு நான் பயப்படுவேன், அத்தான் அவளுக்குப் பயப்படுவார். பக்கத்துத் தாட்டில் விரலை விட்டு ஒரு பிடி பஞ்சைப் பிடுங்கினாள். என் வளையல்களுக்கு இடையில் திணித்துத் திணித்து, இரண்டு கையையும் ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி ஆக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரே மூச்சில் பாடி முடித்தேன். பாடியதை என் காதில் மாட்டிக் கேட்கவைத்தார்கள். யாரோ தைரியமான பொம்பளை பாடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். கனியக்கா மட்டும் வெளியே வரும்போது ரெக்கார்டிஸ்டிடம் சொல்லிவிட்டு வந்தாள்: "இனிமே வளையலைக் கழட்டுன்னு எந்தப் பிள்ளைட்டயும் சொல்லாதீங்க, அண்ணாச்சி. பஞ்சு வேணும்னா மூடை நிறையத் தாரோம், கொண்டு போங்க."

காயப்போட்ட கேசட்

மதுரையில் பதிவான கேசட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மேலே லேபிள் ஒட்டுவதுதான் பாக்கி. லேபிள் ஒட்ட எங்கள் தெருவை விட்டால் ஆள் எங்கே கிடைக்கும்? எல்லா வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டுகிற கை. கனியக்கா மைதாவில் பசை காய்ச்சினாள். ஆளுக்கு ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாக மதியத்துக்குள் அத்தனையையும் ஒட்டித் தள்ளிவிட்டார்கள். நான் பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் பெட்டிகள் காலி. கேசட் எங்கே என்று கேட்டேன். மாடியில் என்றார்கள். பசை ஒட்டிய தீப்பெட்டியை என்ன செய்வோமோ அதையே செய்திருக்கிறார்கள். சித்திரை மாத உச்சி வெயிலில், மொட்டை மாடியில், சாக்கு விரித்து வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். லேபிள் நன்றாகக் காய்ந்திருந்தது. கேசட்தான் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. நிழல் விழுந்த பக்கத்தில் இருந்தவை தப்பின, மற்றதெல்லாம் போச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா.

எங்கள் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ராஜன் அண்ணாச்சிதான் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே நாடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடுதான் கோணிவிட்டது என்றார். பரணில் கிடந்த முதல் கேசட்டுகளை இறக்கினோம். தெருவில் இருந்த திருப்புளியெல்லாம் வந்து சேர்ந்தது. பழைய கூட்டைத் திறந்து, பழைய நாடாவை எடுத்துப் போட்டு, புது நாடாவை உள்ளே வைத்து முடுக்கி, மேலே மறுபடியும் புது லேபிள் ஒட்டினோம். ரிப்பேர் முடிந்து வந்திருந்த டேப் ரெக்கார்டரில் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கப் பார்க்க, தெருப் பிள்ளைகளுக்கு என் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. கேசட்டை யாராவது வெயிலில் வைப்பார்களா என்று ராஜன் அண்ணாச்சி புலம்பியதற்குக் கனியக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "பசை போட்டா காயப்போடணும். உங்க முத கேசட்டைப் பரண்ல நிழல்லதான வச்சிருந்தோம், அதை மட்டும் யாரு கேட்டா?"

பஸ் டிரைவர்

வெள்ளிக்கிழமை கடைகளுக்குக் கொடுத்தோம். சனிக்கிழமை காலையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். விளாத்திகுளம் வழியாகக் குளத்தூருக்குப் போகிற தனியார் பஸ்ஸின் டிரைவர். கையில் எங்கள் கேசட்.  போன தடவை டீக்கடைக்காரர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றது இதே இடத்தில்தான்.

விஷயம் வேறு. அவசரத்தில் சில கூடுகளில் பழைய நாடாவை அப்படியே விட்டு முடுக்கியிருக்கிறோம். அவருக்குக் கிடைத்தது அதில் ஒன்று. மேலே புது லேபிள், உள்ளே பழைய சத்தம். வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வேன் பாட்டு இதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். நிச்சயமாகவா என்றார். பாடினது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. டேப்பில் போட்டுக் காட்டினேன். நின்றபடியே முழுசும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

போகும்போது சொன்னார்: "பின்னால வார பஸ்ஸுல இந்தப் பாட்டு ஓடுது தாயி. ஸ்டாப்புல நிக்குத பொம்பளைங்க நம்ம வண்டியில தலையை விட்டுக் கேட்டுட்டு, 'இதுல இல்லட்டி, அடுத்ததுல போவோம்'ங்காளுவ."

வெளியீடு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. இடைசெவலில் இருந்தும் புதூர்ப் பக்கமிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசைக்கும் பின்னால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அத்தான், கையைக் கட்டிக்கொண்டு. என் பிள்ளை டிரம்ஸ் சத்தத்திலேயே வளர்ந்தது. சத்தம் நின்றால்தான் முழிக்கும்.

என் பாட்டை மேடையில் பாட ஆள் இல்லை. கிதாரில் மெட்டை மட்டும் வாசிப்பதென்று ஏற்பாடு. ராஜன் அண்ணாச்சி வாசிக்க ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் வார்த்தையைப் போட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். பத்து, இருபது, பிறகு மைதானம் முழுக்க.  ஆனால் சரணத்தில் குரல் ஏறவேண்டிய இடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அந்த இடம் திரும்ப வந்தது, திரும்பவும் இறங்கினார்கள். மூன்றாவது தடவை என்னை அறியாமல் நான் இருந்த இடத்திலிருந்தே குரலை ஏற்றிப் பாடிவிட்டேன்.

முன்னால் இருந்த தலையெல்லாம் திரும்பியது. கனியக்கா எங்கிருந்தோ, "இங்கன இருக்கா, இங்கன" என்று கையைக் காட்டினாள். மேடையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வா என்று கூப்பிடவில்லை. அவருக்கும் அத்தானின் கட்டளை தெரியும். ராஜன் அண்ணாச்சி மைக்கைக் கழற்றி முன்வரிசைப் பிள்ளையிடம் கொடுத்தார். அது தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி, வயரை இழுத்துக்கொண்டே வந்தது. எனக்கு நாலு ஆளுக்கு முன்னால் வயர் தீர்ந்துவிட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாலு ஆளைத் தாண்டி நானே நடந்தேன். முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையோடு, தரையில் நின்று முழுப் பாட்டையும் பாடினேன். முடிந்ததும் இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் பாடினேன்.

வீட்டுக்குப் போகும்போது அத்தான் வேகமாக முன்னால் நடந்தார். என் பாட்டுக் காலம் இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். தெருமுனையில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அடுத்த தடவைக்கு வயரு நீளமா வாங்கச் சொல்லு. வாரவன் போறவன்லாம் மிதிக்கான்."

பேண்டில் மொத்தம் நாலு பேர் என்றுதான் கேசட் அட்டையில் அச்சடித்திருக்கிறது, அதை மட்டும் யாரும் நம்பிவிடாதீர்கள்.