நாற்பத்தொன்பதாவது வயது

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நான் கிளினிக் ஆரம்பித்த நான்காவது வருடம் அவர் என்னிடம் வந்தார். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, ஒரே மகளோடு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார். நாலு நாளாக இருமல் என்றார். வழக்கம்போல ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று எழுபதுக்கு நூற்றைந்து. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். அப்படியே இருந்தது.

"இதுக்கு முன்னாடி பிரஷர் இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காவ மேடம். அது கெடக்கட்டும். இருமலுக்குக் குடுங்க."

வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டேன். வாடிக்கையாளரிடம் புடவையின் கரையைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"எங்கப்பா நாப்பத்தொம்பது வயசுல நெஞ்சு வலிச்சுப் போனாவ. எங்கண்ணனும் நாப்பத்தொம்பதுதான். எனக்கு இப்ப நாப்பத்தாறு. இன்னும் மூணு வருசம் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கூசுகிறது.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தது. டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு சிகரெட் வேறு. பிரஷருக்கு ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, சிகரெட்டை நிறுத்துங்கள், ஊறுகாய் அப்பளம் வேண்டாம், நடங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். மாதக்கணக்கில் வரமாட்டார். பிறகு சளி என்றோ முதுகுவலி என்றோ வருவார். அழுத்தம் குறைந்திருக்காது.

"மாத்திரை போடுறீங்களா?"

"பத்து நாள் போட்டேன் மேடம். பொறவு விட்டுட்டேன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் கோபப்பட்டுக் குரலை உயர்த்தினால், "விடுங்க மேடம், உங்களுக்கு எதுக்கு இந்தச் சங்கடம்" என்று என்னையே தேற்றுவார். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அவர் மனைவி தனியாக வந்தார். மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். உட்காரச் சொன்னேன். உட்காராமல், துணிப் பையிலிருந்து சட்டம் போட்ட ஒரு போட்டோவை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

அவர் கணவரின் படம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலை. ஸ்டுடியோவில் எடுத்தது. சுவரில் மாட்டி மாலை போடுகிற அளவு.

"இதுக்கு நீங்களே ஒரு பதில் சொல்லுங்க டாக்டர். ஒட்டட அடிக்க பீரோவ நவுத்துனா, பின்னால துணி சுத்தி இது கீது. இன்னாய்யா இதுன்னு கேட்டா, கடைசி நேரத்துல நீ நல்ல போட்டோ தேடி அலையக் கூடாதுல்லன்றாரு. எனக்கோசரம் புடிச்சாராம்!"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள், கதவைச் சாத்தினேன்.

"ஒடச்சுப் போட்டுடலாம்னுதான் எடுத்தேன். முடில டாக்டர். அதுல அவ்ளோ அழகா கீறாரு." போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "நெஜமாவே பூடுவாரா?"

"அப்படி யாரும் எழுதி வைக்கலம்மா. நாளைக்குக் காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க."

மறுநாள் இருவரும் வந்தார்கள். அவர் மாட்டிக்கொண்ட பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான் அழுத்தம் பார்க்கவில்லை. அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன். இத்தனை நாளில் அதை நான் கேட்டதே இல்லை.

அவர் சொன்னார். அப்பாவுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்கு, வேலை செய்த கடையிலேயே வலி வந்திருக்கிறது; சோடா குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை வேலை பார்த்தவர் அன்றைக்கே போய்விட்டார். இரண்டு பேரும் கட்டுக்கட்டாகப் பீடி பிடித்தவர்கள். இரண்டு பேருக்கும் ஆயுளில் ஒருமுறைகூட யாரும் பிரஷர் பார்த்ததில்லை.

"ஆனா அதெல்லாம் சும்மா ஒரு சாக்கு மேடம்" என்றார். "எங்க குடும்பத்து ரத்தம் அப்படி. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

"அப்போ உங்க பொண்ணு ஒடம்புல ஓடுறதும் அதே ரத்தம்தானே?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த அந்த நிதானம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் மனைவி, ஏன் இப்படிச் சொன்னாய் என்பதுபோல என்னை முறைத்தார். ஒரு தகப்பனிடம் இப்படியா பேசுவது என்று எனக்கும் உடனே தோன்றியது.

"அவளுக்குப் பதினாறு வயசுதான் ஆவுது மேடம்" என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சில குடும்பங்களில் கொலஸ்ட்ரால் பிறவியிலேயே அதிகமாக இருக்கும்; ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுவது நல்லது; முதலிலேயே தெரிந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்று சொன்னேன். "உங்கப்பாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குக் கெடைக்காத மாத்திரை உங்க வீட்டு அலமாரியில கெடக்கு."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் நான் கிளினிக்கைத் திறக்கும்போது படியில் மூவரும் நின்றிருந்தார்கள். மகள் பள்ளிச் சீருடையில், வெறும் வயிற்றோடு. ரத்தம் எடுக்கும்போது அவள் அசையவில்லை. அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கும் கொலஸ்ட்ரால் கூடுதலாகத்தான் இருந்தது, அவருக்கு இருந்த அளவு இல்லை. எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்:

"என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம். ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க."

மகளை ஒரு சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அவரை நான் பார்த்துக்கொண்டேன். விடியற்காலையில் மூவரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடக்கப் போனார்கள். வேகமாக நடப்பது மகள். பின்னாலேயே "மெதுவாப் போளா" என்று ஊர்ப் பேச்சில் அவளைக் கூப்பிட்டபடி அவர். எல்லோருக்கும் பின்னால், பக்கத்துவீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே அவர் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். மாத்திரைகள் மனைவியின் பொறுப்புக்குப் போயின. இரவு அவர் கடையிலிருந்து வந்து சாப்பிட்டதும், கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்பாராம். "போலீஸ்காரி மாதிரி நிக்கா மேடம்" என்று என்னிடம் புகார் சொன்னார். சிகரெட்தான் லேசில் போகவில்லை. மூன்று முறை விட்டு மூன்று முறை பிடித்தார். நாலாவது முறை விட்டபோது, டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, சக ஊழியரை ஃபிளாஸ்க்கில் வாங்கி வரச் சொன்னார். தீபாவளி வியாபாரத்தில் நேரத்துக்குத் தூக்கமில்லாமல் அழுத்தம் ஏறும்; மாத்திரையைக் கூட்டுவேன். பிறகு இறங்கும். ஒருநாள் நூற்று முப்பதுக்கு எண்பது என்று சொன்னதும், "சரியாப் பாத்தியளா?" என்று கையை மறுபடி நீட்டினார்.

நாற்பத்தொன்பது பிறந்ததும், நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. தோள் வலித்தால் வந்தார். ஏப்பம் விட்டால் வந்தார். வாரத்துக்கு ஒருமுறையாவது கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைப் பார்த்தேன். சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசிய மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு மத்தியானம், கடையிலிருந்து நேராக ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது. இடது மார்பில் வலி. படுக்கவைத்து ஈசிஜி எடுத்தேன். மாற்றம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக் கதையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் மனைவிக்கும் தகவல் சொன்னேன். வண்டி வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"முன்னெல்லாம் எனக்குப் பயமே கெடையாது மேடம். இப்பத்தான் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றேன். மருத்துவர் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது. மூச்சும் சீரானது.

மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, எல்லாச் சோதனையும் செய்து அனுப்பினார்கள். இதயத்தில் பழுதில்லை. தள்ளுபடிக்கு இறக்கிய புடவைக் கட்டுகளைத் தூக்கியதில் தசை பிடித்திருக்கிறது. அதைச் சொல்ல இருவரும் வந்தபோது அவர் மனைவி, "ஒன்னியும் இல்லியாம் டாக்டர்! வெறும் சுளுக்காம்!" என்று என் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் அவர் கணவரும் அழுதுவிட்டோம்.

ஐம்பதாவது பிறந்தநாள் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்கு ஒரு காலையில் வந்தவர், சீட்டை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"மேடம், நல்ல பல் டாக்டர் யாராவது இருந்தாச் சொல்லுங்களேன்."

வாயைத் திறந்து காட்டினார். வலது கடைவாயில் இரண்டு பற்கள் இல்லை. ஆறேழு வருடமாகவே இல்லையாம். ஒரு பக்கமாகவே மென்று சமாளித்திருக்கிறார். ஏன் அப்போதே கட்டவில்லை என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தானேன்னு விட்டுட்டேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அடையாறில் எனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் சாப்பிடும் மாத்திரைகளை அதில் வரிசையாகக் குறித்தேன். அவர் மேசைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுனா எத்தனை வருசம் தாங்கும் மேடம்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் வரும்."

"அப்போ நல்லதாவே கட்டிருவோம்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகப் போனார்.