தேவன் பாடிய பாட்டு

ஷா ஆலம் தொழிற்சாலை வாசலில் காரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தேவனின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா தவறிட்டாரு. காலையில பசியாறிட்டு உக்காந்தாரு, அப்படியே போயிட்டாரு." அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இனி யாரும் சொல்லப்போவதில்லை என்ற நிம்மதி. அந்த நினைப்பு வந்த கணமே என்னைக் கண்டு நானே பயந்துபோனேன்.

'கடலோடிகள்' இசைக்குழுவை அறிந்தவர்களுக்குத் தேவன் டிரம்ஸ் வாசித்தவன், நான் பாடகன். எங்களுடைய ஒரே பாட்டு ஓராண்டு முழுக்கக் கல்யாண விருந்துகளில் ஒலித்தது. அதைப் பாடியது நானல்ல. பிரிக்பீல்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். அன்று பார்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு நான் பாடிச் சேர்ப்பதற்கு வசதியாக, தேவன் டிராக் பாடி வைத்தான். கேசட் போட்டவர்கள் அவசரத்தில் அதையே வெளியிட்டார்கள். அட்டையில் என் படமும் பெயரும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. "வுடு லா, நம்ம பாட்டுதானே," என்றான் தேவன். நானும் விட்டுவிட்டேன்.

அதன்பின் மேடைகளில் கேசட்டை ஓடவிட்டு வாயசைத்தேன். கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில் பாதிப் பாட்டில் கேசட் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து அதே குரல் எழுந்தது. டிரம்ஸ் மைக்குக்குக் குனிந்து தேவன் பாடிக்கொண்டிருந்தான். நான் மறுபடியும் வாயசைத்தேன். மேடையை விட்டு இறங்கியதும் அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் கேட்டேன்.

போன மாதம் எங்களைப் பற்றிய படத்தின் சிறப்புக் காட்சி நடந்தது. திரையில் என் வேடத்தில் ஓர் அழகான இளைஞன் உருகி உருகிப் பாடினான். தேவனின் வேடம் சிரிப்புக்கு மட்டும். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "தேவன் அங்கிள், நீங்க ஒரு பாட்டுகூட பாடுனதில்லையா?" என்று கேட்டாள். நான் இருக்கையைவிட்டுப் பாதி எழுந்துவிட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நான் பாடுனா கூட்டம் எந்திரிச்சு ஓடிரும்மா," என்றான். அரங்கம் சிரித்தது. காரில் ஏறும்போது, "இன்னுமா பயப்படுற? சொல்றதா இருந்தா அப்பவே சொல்லிருப்பேன்டா," என்றான். அப்போதும் நான் அவனை நம்பவில்லை. அதுதான் என் லட்சணம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கிள்ளானில் அவன் வீட்டில் மகள் கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டாள். தேவனின் மனைவி சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒரு தடவ நீங்க வாயால பாடுங்க. உங்க பாட்டுன்னா அவருக்கு உயிரு." இவளிடம்கூடவா அவன் சொல்லவில்லை? அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்: "பாடுனது நான் இல்லம்மா. தேவன்தான்."

சாந்தி அழவில்லை. "வீட்டுல அவரு இத முனகுவாரு. அண்ணன் பாட்ட கெடுக்காதீங்கன்னு நான்தான் அடக்குவேன். சிரிச்சிட்டு நிறுத்திருவாரு," என்றாள். பிறகு மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

இயக்குநரிடமும் சொல்லிவிட்டேன். இனி மாற்ற நேரமில்லை என்கிறார். அடுத்த வாரம் படம் திரைக்கு வரும்போது பாடகன் என்று என் பெயர்தான் வரும். தேவனை அறிந்தவர்களே, நீங்களாவது அந்தக் குரலை அவனுடையது என்று சொல்லுங்கள். உங்கள் முகத்தில் விழிக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவனிடமிருந்து எடுத்துக்கொண்டதில் எதுவும் என்னுடையதல்ல. இந்தப் பயம் மட்டும் என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.